அறுத்துக் கட்டினவள்

அனஸ்தாசியாவின் காதுகள் ஒருநாளாவது அவளுக்குச் சொந்தமாக இருந்ததில்லை. பிள்ளைப் பருவத்தில் அவை தாயின் காதுகள். அக்கரையிலிருந்து தோணியேறிக் கல்பிட்டிக் கரையிலுள்ள கண்டக்குழிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த அந்தத் தாய்க்காரி, மகளுக்குப் பால்பல் விழமுன்னமே காதுத் துளையில் பஞ்சுத் திரியைச் செருகினாள். பிறகு ஓலைச்சுருள். அதற்குப் பிறகு ஈயத்தில் வார்த்த குணுக்கு. குணுக்கின் பாரத்துக்குக் காதுச் சோணை இறங்கும். இறங்கினால் இன்னொரு குணுக்கு ஏறும். சீழ் வடியும், ஈ மொய்க்கும், பிள்ளை ஒருக்களித்துப் படுக்கவும் வழியில்லாமல் அழும். கட்டைக் காதோடு நிற்கிற குமரை எந்த ஆம்பிளை திரும்பிப் பார்ப்பான் என்று தாய் கேட்பாள். கடைசியில் சோணை தோளைத் தொட்டது. ஊர்ப் பெண்கள் வந்து பார்த்துப் பெருமூச்சு விட்டுப் போனார்கள். அழகென்றால் அதுதான் அழகு என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்கத்தான் ஒருவரும் இல்லை.

பிறகு அவை புருஷன் பஸ்தியானின் காதுகள் ஆயின. வலை வாய்த்த பருவமெல்லாம் அவன் அந்தத் துளைகளில் பொன்னைக் கொண்டுவந்து கொழுவினான். பஸ்தியானுக்குத் தொழில் எப்படி என்று அறிய ஆசைப்பட்டவர்கள் அவனிடம் போய்க் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் நின்று பெண்சாதியின் காதைப் பார்த்தார்கள். பெரிய காய்ச்சல் ஊரை வாரிக்கொண்டு போன வருஷத்தில் பஸ்தியானும் போனான். பொன் உருகி மகளின் சங்கிலியானது. வெறுஞ்சோணைகள் மட்டும் மிஞ்சி, அனஸ்தாசியா நடக்கும்போது கழுத்தில் தட்டித் தட்டி ஆடின.

பஸ்தியான் சாகும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டான். மகள் டொறத்தியின் கலியாணத்தன்று தன் இடத்தில் அனஸ்தாசியாவே நிற்க வேண்டும். மகளின் கையைப் பிடித்துக் கோயிலுக்குள் கூட்டிக்கொண்டு போக வேண்டும். தம்பி அல்பேட் இருக்கிறானே என்று அவள் சொன்னதற்கு, அவன் தம்பி, நீ நான் என்றான். மூன்று நாளாக வாய் திறக்காதவன் சொன்ன சொல் அது. அனஸ்தாசியாவுக்கு அதற்குப் பிறகு இந்த உலகத்தில் பெரிய ஆசைகள் இருக்கவில்லை. இந்த ஒன்று இருந்தது.

டொறத்தி மடத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கிப் படித்த பிள்ளை. பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது கொஞ்சம் இங்கிலீசும் நிறைய வருத்தங்களும் கொண்டுவந்தாள். இரவில் தலைமயிரைத் துணித்துண்டுகளில் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டு, தலையணையில் தலை படாமல் படுப்பாள். விடிந்தால் மயிர் சுருண்டிருக்க வேண்டுமாம். சட்டையின் இடுப்பை மூச்சுமுட்டப் பிடித்துத் தைத்திருந்தாள். கலியாணத்துக்கென்று கொழும்பிலிருந்து வந்த வெள்ளைச் சப்பாத்துக்கு அவள் கால் கொஞ்சம் பெரிது. அதைப் பழக்குகிறேன் என்று வீட்டுக்குள் போட்டுக்கொண்டு நடந்து குதிகால் இரண்டும் தோலுரிந்து கிடந்தன. சப்பாத்தைக் காலுக்கு எடுப்பதா, காலைச் சப்பாத்துக்கு எடுப்பதா என்று அனஸ்தாசியா ஒருநாள் கேட்டுப் பார்த்தாள். உங்களுக்கு ஸ்டைல் விளங்காது அம்மா என்று பதில் வந்தது.

மாப்பிள்ளை நிக்கொலஸ் புத்தளத்தில் உப்புக் கந்தோரில் கிளாக்கர். தாய் அல்பொன்சாவும் கைம்பெண்தான். வாய் கொஞ்சம் பெரிது, மனம் மோசமில்லை என்று ஊரில் கேள்வி. பேசி முடித்துக் கோயிலில் முதல் ஓலையும் வாசித்தாகிவிட்டது. மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, தடை சொல்ல ஒருவரும் இல்லையென்றால் கலியாணம். முதல் ஓலை வாசித்த அன்று பின்னேரம்தான் டொறத்தி தாயிடம் வந்து அந்தக் கதையை எடுத்தாள்.

அல்பேட் சித்தப்பா தன்னைக் கோயிலுக்குள் கூட்டிப் போகட்டும், அம்மா பின்னால் பெண்களோடு இருந்தால் போதும் என்றாள். ஏன் என்று கேட்டதற்கு நிலத்தைப் பார்த்தாள். பிறகு, புத்தளத்து மாமி சொல்லியனுப்பியிருக்கிறா, அம்மாவின் காது அவங்களுக்கு ஒருமாதிரி இருக்காம், கந்தோர்த் துரைமாரெல்லாம் வருவாங்களாம் என்றாள். சொல்லிவிட்டு, சொன்னது போதாது என்று நினைத்தாளோ என்னவோ, பள்ளிக்கூடத்துக் கதை ஒன்றையும் சொன்னாள். ஒரு பெரிய படப்புத்தகம் இருந்ததாம். அதில் உதட்டில் தட்டு வைத்த பெண்கள், கழுத்தில் வளையம் வளையமாய் ஏற்றின பெண்கள், காலைக் கட்டிக் குறுக வைத்த சீனத்திகள், காது தொங்கின மனுஷிகள். காட்டுச்சனம் என்று மேலே எழுதியிருந்ததாம். அடுத்த கிழமை அம்மா கருவாட்டுப் பெட்டியோடு மகளைப் பார்க்கப் போனபோது ஒருத்தி உள்ளே ஓடிவந்து, டொறத்தி, உன்னைப் பார்க்கப் படத்திலிருந்து ஆள் வந்திருக்கு என்றாளாம்.

அனஸ்தாசியா அந்தப் புத்தகத்தில் வெள்ளைக்காரிகள் இருக்கவில்லையா என்று கேட்டாள். ஒருத்தி இருந்தாளாம்; குளவியின் இடுப்புப் போல இடுப்பைக் கட்டி இறுக்கினவள். ஆனால் அது வேறு பக்கமாம், கலர்ப் படமாம், பிள்ளைகள் நீ முந்தி நான் முந்தி என்று அடிபட்டுப் பார்த்தார்களாம்.

“கல்பிட்டில உம்மு குல்சூம் ராத்தா அறுத்துத் தச்சுவிடுறாவாம், அம்மா,” என்றாள் டொறத்தி. “அதைச் செஞ்சா நீங்களே என்னைக் கையில பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போகலாம். நானே மாமிக்குச் சொல்றேன்.”

மறுத்துப் பேசுவதற்கும் ஒரு தெம்பு வேண்டும். தாயோடு மல்லுக்கட்டுகிற வயதில் அனஸ்தாசியாவுக்கு வாய் இருக்கவில்லை. மகளோடு மல்லுக்கட்டுகிற வயதில் வாய் இருந்தது, ஆனால் களைத்துப் போயிருந்தது. சரி என்றாள். பஸ்தியானுக்குக் கொடுத்த சொல்லுக்கு இரண்டு துண்டுத் தோல் பெரிய விலையில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

உம்மு குல்சூம் கல்பிட்டியில் ஒஸ்தா மாமி. துலுக்க வீட்டுப் பெண்பிள்ளைகளுக்குக் காது குத்துகிற கை அவளுடையது. அவள் காதிலேயே விளிம்பு முழுக்கச் சின்னச் சின்ன வளையம் கோத்திருக்கும்; தலையை ஆட்டினால் மணிச் சத்தம் கேட்கும். அவள் அனஸ்தாசியாவைப் பாயில் இருத்தி, சோணையை விரலில் எடுத்து, துணி வாங்க வந்தவள் துணியைப் பிடித்துப் பார்ப்பதுபோல நீட்டிப் பார்த்தாள். நல்லாத்தான் வளத்திருக்காங்க என்றாள்.

“முந்தி குத்தச் சொல்லி வந்தாங்க, இப்ப தைக்கச் சொல்லி வாறாங்க,” என்றாள் கத்தியைக் கொதிநீரில் போட்டபடி. “எனக்கு ரெண்டும் ஒண்டுதான், தங்கச்சி. காதுக்குத்தான் வாய் இல்லையே.”

கராம்பு எண்ணெய் பூசினாள். அது ஒரு பேச்சுக்குத்தான். கத்தி ஏறியபோது அனஸ்தாசியா பாயின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். ஊசி ஏறியபோது மாதாவைக் கூப்பிட்டாள். டொறத்தி வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். வெட்டி எடுத்த இரண்டு துண்டுகளையும் உம்மு குல்சூம் வாழையிலையில் வைத்து, மனுஷ உடம்பில் இருந்து விழுந்தது, தெருவில் கிடக்கக்கூடாது என்று சொல்லி முருங்கையடியில் புதைத்தாள். அழகு பார்த்துத் தாய் வளர்த்ததும் புருஷன் பொன் மாட்டியதும் ஒரு சிரட்டை மண்ணுக்குள் அடங்கிவிட்டன. அனஸ்தாசியாவுக்கு அழுகை வரவில்லை. படுக்க வேண்டும் போலத்தான் இருந்தது.

தாடையைச் சுற்றி, உச்சந்தலையில் முடிச்சிட்டு வெள்ளைத் துணியால் கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினாள். காயம் ஆறுகிறவரை வெயில் படக்கூடாது, உப்புக்காற்றுப் படக்கூடாது, ஆரோடும் நெடுகக் கதைக்கக்கூடாது. கண்டக்குழியில் இருந்துகொண்டு உப்புக்காற்றுப் படாமல் இருப்பதெப்படி என்று அனஸ்தாசியா கேட்கவில்லை. கதைத்தால் தையல் இழுத்தது.

இந்த நேரம் பார்த்து அல்பொன்சாவிடமிருந்து சொல் வந்தது. சனிக்கிழமை சம்பந்தியம்மா புத்தளத்துக்கு வந்தால் கூறைச்சேலையைச் சேர்ந்து எடுக்கலாம் என்று. சொல்லைக் கொண்டுவந்தவன் முத்தலிபு. கல்பிட்டித் துறைக்கும் புத்தளத்துக்கும் இடையில் களப்பில் பாய்த்தோணி ஓட்டுகிறவன். கருவாட்டையும் ஆட்களையும் பேச்சையும் ஒரே கூலிக்கு ஏற்றுவான். உம்மு குல்சூமுக்குப் பக்கத்து வீடு. கண்டக்குழி வரைக்கும் நடக்கப் பஞ்சிப்பட்டு, அனஸ்தாசியா இந்தப் பக்கம் வந்தாளா என்று அவளிடமே விசாரித்தான். உம்மு குல்சூம் அடுப்பை ஊதிக்கொண்டே பதில் சொன்னாள்.

“அவ வரமாட்டா, தம்பி. இப்பதான் அறுத்துக் கட்டியிருக்கு. கொஞ்ச நாளைக்கு வெளிய தலகாட்ட ஏலா.”

முத்தலிபு நல்ல மனுஷன். பெண்களின் காரியத்தில் என்ன, ஏது என்று கேட்பது அவன் பழக்கமில்லை. அறுக்கிறதும் கட்டுகிறதும் அவன் ஆட்களின் பேச்சில் காயத்துக்கும் கயிற்றுக்கும்தான். ஆகவே கேட்டதைக் கேட்டபடி ஒரு சொல் குறையாமல் புத்தளத்தில் இறக்கினான்: சம்பந்தியம்மா வரமாட்டாவாம், இப்பதான் அறுத்துக் கட்டியிருக்காம், கொஞ்ச நாளைக்கு வெளியே தலைகாட்ட ஏலாதாம்.

ஆனால் அல்பொன்சாவின் கடற்கரையில் அறுத்துக் கட்டினவள் என்றால் ஒரே பொருள்தான். தாலி அறுத்தவள் இன்னொருத்தன் கையால் தாலி கட்டிக்கொண்டாள். அதுவும் எப்போது? மகளுக்கு ஓலை வாசித்துக்கொண்டிருக்கும்போது. அதுவும் ஒளித்து, வெளியே தலைகாட்ட ஏலாத மாதிரி. அல்பொன்சா தானும் கைம்பெண்ணாய் இத்தனை வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இருந்தவள். அவளுக்கு வந்த கோபத்தில் பாதி ஒழுக்கத்துக்காக வந்தது. மற்றப் பாதி எதற்காக வந்தது என்று அவளுக்கே தெரியாது. அன்றைக்கே பங்குச் சுவாமியிடம் போய், இரண்டாம் ஓலையை நிறுத்தி வையுங்கள், விசாரிக்க வேண்டியிருக்கிறது என்றாள். வரும்போது எல்லாவற்றையும் ஏற்றுகிற முத்தலிபுவின் தோணி அந்தப் பதிலையும் ஏற்றிக்கொண்டு வந்தது. அறுத்துக் கட்டினதை ஒளித்த வீட்டில் நாங்கள் சம்பந்தம் வைக்கமாட்டோம்.

டொறத்தி அதைக் கேட்டு விழுந்துவிட்டாள். காதை அறுத்தது அவங்களுக்குப் பிழையாகப் போயிற்று என்றுதான் அவளுக்கு விளங்கியது. நாகரிகத்துக்காகச் செய்தது, இதுக்கு ஏன் இந்தக் கோபம், இனி ஆர் என்னைக் கட்டுவாங்க என்று சப்பாத்தோடு பாயில் கிடந்து அழுதாள். அனஸ்தாசியா முத்தலிபுவைக் கூப்பிட்டு அங்கே சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். அவன் சொன்னான். கைம்பெண்ணின் காதுக்கு அந்தச் சொல் உடனே பிடிபட்டது. சிரிப்பு வந்தது, சிரித்தால் தையல் வெட்டியிழுக்கும் என்பதால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மகளுக்கு விளங்கப்படுத்தினாள். நான் கேட்டதைத்தானே சொன்னேன் உம்மா என்று முத்தலிபு நொந்துபோய் நின்றான். உன்னில் பிழையில்லை, தோணியை எடு என்றாள்.

இன்னொரு ஆளிடம் சொல்லியனுப்பினால் அது இன்னொரு மாதிரிப் போய்ச் சேரும். நேரே போய்க் காட்டுவதுதான் வழி. ஊருக்கு மறைப்பதற்காக அறுத்த காதை ஊர்விட்டு ஊர் கொண்டுபோய்க் காட்டுகிற நிலைமை வந்ததே என்று தோணியில் இருந்தபடி அனஸ்தாசியா நினைத்தாள். களப்பின் காற்று கட்டுக்குள் புகுந்து எரித்தது. டொறத்தி சுருட்டின மயிர் கலையாமல் துவாயால் தலையைப் பொத்திக்கொண்டு மற்றப் பக்கத்தில் இருந்தாள்.

அல்பொன்சாவின் வீட்டு முன்னறையில் சொந்தக்காரப் பெண்கள் இருவர் மூவர் ஏற்கெனவே கூடியிருந்தார்கள். நிக்கொலஸ் அலுமாரிக்குப் பக்கத்தில் நின்று, நிற்பதா போவதா என்று தெரியாமல் கழுத்துப்பட்டியை இழுத்துக்கொண்டிருந்தான். கதிரையில் இரு என்று ஒருவரும் சொல்லவில்லை. அல்பொன்சா சம்பந்தியின் கழுத்தைத்தான் முதலில் பார்த்தாள். புதுத்தாலி எதையும் காணவில்லை. பிறகுதான் தலைக்கட்டைக் கண்டாள்.

அனஸ்தாசியா உச்சந்தலை முடிச்சை அவிழ்த்தாள். துணி காய்ந்த இரத்தத்தில் ஒட்டியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். இரண்டு காதும் வெளியே வந்தன. வீங்கிச் சிவந்து, கறுத்த நூல் தெரிய, முனையில் புதுரத்தம் பொட்டுக்கட்ட. டொறத்திகூட அதை அப்போதுதான் முழுசாகப் பார்த்தாள்.

“இதைத்தான் அறுத்துக் கட்டினது, சம்மந்தி,” என்றாள் அனஸ்தாசியா. “வேற ஒண்டையும் இல்ல.”

கூடியிருந்த பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். அல்பொன்சாவின் கோபம் இறங்கி, அது இறங்கின இடத்தில் வெட்கம் ஏறி, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் கிட்ட வந்து காயத்தைக் குனிந்து பார்த்தாள். ஐயோ என்று ஒருமுறை சொன்னாள். கதிரையை இழுத்துப் போட்டு இருக்க வைத்தாள். சுடுதண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். பிறகு கேட்டாள்:

“இதை என்னத்துக்குச் செஞ்சீங்க?”

கலியாணத்துக்காகத்தான் என்றாள் அனஸ்தாசியா.

“கோயிலுக்குள்ள முக்காடு போட்டுக்கொண்டுதானே போவீங்க. முக்காட்டுக்குள்ள காது நீளமா கட்டையா எண்டு ஆருக்குத் தெரியும்?”

அறையில் இருந்த எல்லோருக்கும் அது சட்டென்று விளங்கியது. ஞாயிறு தவறாமல் முக்காடிட்டுக் கோயிலுக்குப் போகிற அனஸ்தாசியாவுக்கும் அதுவரை அது தோன்றவில்லை. மடத்தில் படித்த மகளுக்கும் தோன்றவில்லை. அல்பொன்சா விடவில்லை. இந்தச் சித்திரவதையைச் செய்யச் சொன்னது ஆர் என்று கேட்டாள். கேட்ட குரலில் கள்ளம் இல்லை. தன் வீட்டிலிருந்து அப்படி ஒரு சொல் புறப்பட்டதாக அவளுக்குத் தெரியவே தெரியாது என்பது அந்த முகத்திலேயே எழுதியிருந்தது.

அனஸ்தாசியா திரும்பி மகளைப் பார்த்தாள். டொறத்தியின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. புத்தளத்து மாமி சொல்லியனுப்பவில்லை. ஒருவரும் சொல்லியனுப்பவில்லை. பெற்ற தாயைப் பார்க்க வெட்கப்பட்டது இந்த வீடு இல்லை, தன் வீடுதான். கத்தி ஏறியபோது இல்லாத நோவு அப்போது வந்தது. காதில் வரவில்லை. உண்மையைச் சொன்னால் இந்தக் கலியாணம் நடந்தாலும் இந்த வீட்டில் மகள் தலைநிமிர முடியாது. தாயை அறுக்க வைத்தவள் என்ற பேர் அவளோடு படலைக்குள் வரும், அவள் பிள்ளைகளோடும் வளரும்.

“ஒருத்தரும் சொல்லல்ல, சம்மந்தி,” என்றாள். “எனக்குத்தான் ஆசை வந்தது. ஊரில எல்லாரும் கட்டைக் காதோட திரியக்குள்ள நான் மட்டும் ஏன் எண்டு நினச்சேன்.”

முதலில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். பிறகு மற்றவர்கள். பிறகு அல்பொன்சாவும். பிழையாக ஒரு குடும்பத்தைச் சந்தேகப்பட்ட பாரம் இறங்கின சிரிப்பு அது. நிற்கவே மாட்டேன் என்றது. மகளுக்குக் கலியாணம் என்றதும் தாய்க்கும் குமர் திரும்பிவிட்டதோ என்று ஒருத்தி கேட்டாள். இந்த வயதில் காதுக்குப் புது ஸ்டைல், அடுத்தது உயரச் சப்பாத்தோ என்றாள் இன்னொருத்தி. நிக்கொலஸ்கூட அலுமாரிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்க நின்றான். அனஸ்தாசியா எல்லோருடைய முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கட்டும், சிரித்தால் முடிந்துவிடும் என்றிருந்தாள்.

அப்போது டொறத்தி வாய் திறந்தாள். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் நீர் நின்றது, ஆனால் வாய் சிரித்தது.

“நான் வேணாம் வேணாம் எண்டுதான் சொன்னேன், மாமி.”

அறை ஒருகணம் அனஸ்தாசியாவைப் பார்த்தது. அவள் மடியில் கிடந்த இரத்தத் துணியை எடுத்து மடித்தாள்.

“ஓம்,” என்றாள். “அவள் சொன்னவள்தான். நான்தான் கேக்கல்ல.”

அல்பொன்சா தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னாள். வீட்டில் இருந்த சீனி முழுவதையும் போட்டிருந்தார்கள்.

இரண்டாம் ஓலையும் மூன்றாம் ஓலையும் வாசித்தார்கள். தடை சொல்ல ஒருவரும் எழும்பவில்லை. கலியாணத்தன்று காலையில் டொறத்தி, அல்பேட் சித்தப்பாவை முன் வாங்கில் போய் இருக்கச் சொல்லிவிட்டுத் தாயிடம் வந்தாள். முக்காட்டுக்குள் கட்டைக் காதோடு நின்ற தாயின் கையைத் தானே எடுத்துப் பிடித்தாள். கோயில் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் விடவேயில்லை. வழியெல்லாம் இறுக்கினாள், இன்னும் இறுக்கினாள், நகம் பதியப் பிடித்தாள்.

பஸ்தியான் கேட்டது நடந்தது. அனஸ்தாசியா மகளுக்குப் பக்கத்தில் நேரே பார்த்தபடி நடந்தாள். கையைக் கொடுத்திருந்தாள். ஆனால் விரல்களை மடக்கவில்லை.